பீரோவில் தூங்குது கல்யாண கேசட்! டிஸ்க்குக்கு மாற்றும்போது முகம் மங்காமல் காப்பது எப்படி?

மஞ்சூர்:

மஞ்சூரை அடுத்த பிக்கட்டி பக்கம் எந்த வீட்டு பீரோவைத் திறந்தாலும் பட்டுச் சேலைக்கு அடியிலோ, நிலப் பத்திரம் வைத்திருக்கும் பெட்டிக்குப் பக்கத்திலோ கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி கிடக்க வாய்ப்பு உண்டு. மேலே ஒட்டிய சீட்டில் மணமக்கள் பெயர், தேதி. மை பாதி கரைந்து போயிருக்கும். அதுதான் கல்யாண வீடியோ கேசட்!

1980-களின் கடைசியிலும் 90-களிலும் கல்யாணம் என்றால் வீடியோ எடுக்காமல் நடக்காது. தோளில் கேமரா, பின்னாலேயே ஒரு பையன் ஹாலஜன் லைட்டைத் தூக்கிக் கொண்டு ஓடுவான். லைட் அடித்ததும் கண் கூசி முகத்தைத் திருப்பிய தாத்தா, வெள்ளைத் துணி போர்த்திக் கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பாட்டி, தேயிலைத் தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்து ஆடிய மாமன் மச்சான்கள்... எல்லாரும் அந்த கேசட்டில்தான் இருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் நடந்து, பேசி, சிரித்ததற்கு வேறு சாட்சியும் கிடையாது.

ஆனால் போட்டுப் பார்க்க டெக் எங்கே? வி.எச்.எஸ். டெக் தயாரித்துக் கொண்டிருந்த கடைசி கம்பெனியான ஜப்பானின் பூனாய், 2016 ஜூலையோடு கடையைக் கட்டி விட்டது. இனி புது டெக் வராது. இருக்கிற பழைய டெக்குகள் தேயத் தேய, கேசட்டில் இருப்பதை வெளியே எடுக்கும் வழியும் அடைபட்டுக் கொண்டே வருகிறது. 2019-ல் யுனெஸ்கோவே 'காந்த நாடா எச்சரிக்கை' என்று ஒரு திட்டம் தொடங்கி உலகம் பூராவும் உஷார்படுத்தியது. 2025-ஐ ஒட்டியே ஓட்டிப் பார்க்கும் மெஷின்களும் உதிரி பாகங்களும் அரிதாகி விடும் என்பதுதான் அந்த எச்சரிக்கையின் சாரம்.

சரி, டிஸ்க்குக்கு மாற்றி விடலாம் என்று கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "அண்ணா, இதை டிஸ்க்கு போட்டுக் குடுங்ணா." எந்த டெக்கில் ஓட்டுவீங்க, எந்த ஒயரில் எடுப்பீங்க, ஒரு டிஸ்க்கில் எவ்வளவு நேரம் அடைப்பீங்க என்று யாரும் கேட்பதில்லை. படம் கெடுவது பெரும்பாலும் டிஸ்க்கால் இல்லை. டிஸ்க்குக்கு வருவதற்கு முன்னால் நடக்கும் இந்த மூன்று வேலையில்தான்.

சிடி ஏற்கனவே போட்டாச்சே..!

முதலில் இதைச் சொல்லியாக வேண்டும். 2000-க்குப் பிறகு சிடி பிளேயர் வீட்டுக்கு வீடு வந்தபோது பலரும் கல்யாண கேசட்டை 'வி.சி.டி.'யாக மாற்றிக் கொண்டார்கள். 'அதான் சிடி வந்தாச்சே' என்று கேசட்டைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டவர்களும் உண்டு. போடாமல் வைத்திருப்பவர்கள் புண்ணியம் செய்தவர்கள்!

ஏன் என்றால், வி.சி.டி. என்பது கேசட்டின் முழு நகல் கிடையாது. நம்ம ஊர் டி.வி. முறையான 'பால்' முறையில் ஒரு படத்துக்கு 576 வரி. வினாடிக்கு 25 படம். ஒவ்வொரு படமும் இரண்டு பாதியாக வரும். முதலில் ஒற்றைப்படை வரிகள் 288, அடுத்து இரட்டைப்படை வரிகள் 288. ஆக, வினாடிக்கு 50 பாதிப் படங்கள். வி.சி.டி.யில் இதில் ஒரு பாதி அப்படியே காலி! 288 வரிதான் மிஞ்சும், அசைவும் வினாடிக்கு 25 தான்.

அது போதாது என்று, அந்த மிச்சத்தையும் வினாடிக்கு 1.15 மெகாபிட் என்ற சின்ன அளவுக்குள் நசுக்குவார்கள். யாராவது அசையாமல் நின்று போஸ் கொடுத்தால் படம் ஓரளவு நன்றாகவே இருக்கும். ஆட்டம் தொடங்கியதும் வண்டவாளம் தெரியும். வெள்ளை உடையில் வட்டம் கட்டி ஆடும் படுகர் ஆட்டத்தை பழைய வி.சி.டி.யில் போட்டுப் பாருங்கள். கால்கள் இருக்கும் இடத்தில் சின்னச் சின்ன சதுரங்கள் துள்ளும். முகங்கள் கரையும். மாலை வெளிச்சத்தில் எடுத்த காட்சி என்றால் கேட்கவே வேண்டாம்.

இன்று சிலர் அந்த வி.சி.டி.யையே கொடுத்து 'இதை டி.வி.டி.யாக்கிக் கொடுங்க' என்கிறார்கள். போன பாதி திரும்பி வராது. கேசட் கையில் இருந்தால் அதிலிருந்துதான் மறுபடி எடுக்க வேண்டும். கேசட் போய்விட்டது என்றால் மட்டும் வி.சி.டி.யில் இருக்கும் பைலை மாற்றாமல், திருத்தாமல் அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து வையுங்கள். மறுபடி மாற்றினால் இருப்பதும் கொஞ்சம் போகும்.

இன்னொரு சங்கதி. வீட்டுக்கு வந்த கல்யாண கேசட்டே பெரும்பாலும் முதல் கேசட் இல்லை! கேமராவில் ஓடியது ஒன்று. ஸ்டூடியோவில் பெயர் போட்டு, இதயப் படத்துக்குள் மணமக்கள் முகத்தைச் சுற்ற விட்டு, சினிமாப் பாட்டு ஏற்றிக் கொடுத்தது அதன் காப்பி. வி.எச்.எஸ்.சில் ஒவ்வொரு காப்பிக்கும் படம் ஒரு படி மங்கும். வீடியோ எடுத்தவர் இன்னும் அதே ஊரில் இருந்தால், மாஸ்டர் கேசட் கிடக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டு விடுவதில் நஷ்டம் இல்லை. பெரும்பாலும் அதன் மேல் வேறு கல்யாணம் பதிவாகியிருக்கும். அபூர்வமாகக் கிடைக்கவும் செய்யும்.

மலையில் பூஞ்சைதான் வில்லன்

சமவெளியில் கேசட்டுக்கு எதிரி வெயில். இங்கே எதிரி ஈரம். குந்தா பக்கம் ஜூனில் பிடித்த மழை செப்டம்பர் வரை விடாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டி மீட்டருக்கு மேல் கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மழை இல்லாத நாளில் மூடுபனி. செருப்பிலும் பெல்ட்டிலும் பூஞ்சை பூக்கும் ஊரில் கேசட்டை மட்டும் விட்டு வைக்குமா?

கேசட்டைக் கையில் எடுத்து, மேலே இருக்கும் கண்ணாடி ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். சுருளின் பக்கவாட்டு கறுப்பாக, வழவழவென்று இருந்தால் நல்லது. மாவு தூவியது போல வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் உஷார்! அதை எந்த டெக்கிலும் போடக் கூடாது. போட்டால் அந்தப் பொடி டெக்கின் ஹெட்டில் அப்பிக் கொள்ளும். படம் பனி பெய்வது போல ஆகிவிடும். அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை தொற்றும். மோசமானால் டேப்பே ஒட்டிக் கிழியும்.

'வெயில்ல வெச்சா சரியாப் போயிரும்' என்று முற்றத்தில் காய வைப்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. சூட்டில் பிளாஸ்டிக் நெளியும், டேப்பும் சுருங்கும். அடுப்புக்கு மேல் பரணில் வைப்பதும் அப்படித்தான். பூஞ்சை பிடித்ததைத் தனியாக ஒரு கவரில் போட்டுக் கட்டி வையுங்கள். வேறு கேசட்டோடு சேர்க்காதீர்கள். மூக்கில் ஏறினால் உடம்புக்கும் ஆகாது. வேலை தெரிந்த ஆளாக இருந்தால் கேசட்டின் அடியில் உள்ள 5 ஸ்குரூவைக் கழற்றி, நூல் பிரியாத துணியில் டேப்பை மெதுவாக ஓட்டித் துடைத்து, சுருளை வேறு சுத்தமான டப்பாவுக்கு மாற்றித் தருவார். பொறுமை வேண்டிய வேலை. ஒரு கேசட்டில் சுமார் 250 மீட்டர் டேப் இருக்கிறது. ஒரு கல்யாணம் என்பது கால் கிலோ மீட்டர்!

டேப் அறுந்திருந்தால் வீட்டில் செல்லோ டேப் ஒட்டிச் சேர்க்காதீர்கள். அதன் பசை ஹெட்டில் ஒட்டிக் கொண்டால் டெக் காலி. அதற்கென்று தனி ஒட்டுநாடா இருக்கிறது, அதையும் டேப்பின் பின்பக்கம்தான் ஒட்ட வேண்டும்.

மலைக்கே உரிய இன்னொரு ஆபத்து பனி நீர். குளிர்ந்த அறையில் இருந்த டெக்கையோ கேசட்டையோ திடீரென்று சூடான அறைக்குக் கொண்டு வந்தால் உள்ளே நீர் பூக்கும். கண்ணாடி அணிந்தவர் டீக்கடைக்குள் நுழைந்ததும் கண்ணாடி மங்குமே, அதே சமாச்சாரம். டெக்குக்குள் 1500 தடவை நிமிடத்துக்குச் சுற்றும் உருளை ஒன்று உண்டு. அதன் மேல் ஈரம் இருந்தால் டேப் அதில் பச்சக் என்று ஒட்டி, சுருண்டு, நசுங்கி விடும். பல டெக்குகளில் ஈரம் தெரிந்தால் ஓடாமல் நின்று எச்சரிக்கும் ஏற்பாடு இருந்தது. 'டெக் ரிப்பேர்' என்று நினைத்துத் தட்டி ஓட வைத்தவர்களும் இருந்தார்கள். கேசட், டெக் இரண்டையும் அதே அறையில் இரண்டு மூன்று மணி நேரமாவது வைத்திருந்த பிறகு ஓட்டுவதுதான் சரி. ஊட்டிக்கோ கோவைக்கோ கொண்டு போகிறீர்கள் என்றால் கடைக்காரரிடமும் இதைச் சொல்லுங்கள். கோவை வெக்கையில் வேலை பார்ப்பவருக்கு இது தோன்றாது.

ஊட்டிக்காரர்களுக்கு இதில் ஒரு வித்தியாசம் சுலபமாகப் புரியும். இந்து நகரில் 1967-ல் இருந்து பல ஆண்டுகள் போட்டோ பிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இருந்த ஊர். பிலிம் நெகட்டிவ் என்றால் எந்த மெஷினும் வேண்டாம், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே உருவம் தெரியும். காந்த டேப் அப்படி இல்லை. என்னதான் உற்றுப் பார்த்தாலும் பழுப்பு நாடாதான். டெக் இல்லை என்றால் கேசட்டில் இருப்பது இருந்தும் இல்லாத மாதிரி.

டெக்கில் போடும் முன்...

முதல் வேலை, கேசட்டின் முதுகுப் பக்கம் இடது ஓரத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்கை உடைத்து விடுங்கள். அது இருந்தால் தப்பித் தவறி ரெக்கார்டு பட்டன் அமுங்கி, மேலே வேறு எதுவாவது பதிவாகி விடும். தாலி கட்டும் நேரத்தில் திடீரென்று டி.வி. சீரியல் ஓடிய கதை எத்தனை வீட்டில் இல்லை!

பல வருஷம் ஓடாத கேசட்டை உடனே 'பிளே' போடாமல், கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றி விட வேண்டும். ஒரே இடத்தில் இறுகியிருந்த சுருள் தளர்ந்து சீராகும். நடுவில் கரகரவென்று சத்தம் வந்தாலோ, திணறினாலோ உடனே நிறுத்தி விட வேண்டும். 3 மணி நேர கேசட்டை விட 4 மணி நேர கேசட்டில் டேப் மெல்லிசு. சீக்கிரம் நசுங்கும்.

டேப்பின் ஓரம் மடங்கினால் படத்தில் லேசாகக் கோடு விழும், அவ்வளவுதான் என்று நினைக்க வேண்டாம். மேல் ஓரத்தில்தான் சத்தம் பதிவாகியிருக்கிறது. கீழ் ஓரத்தில், படத்தை வரிசையாகப் பிடித்து நிறுத்தும் குறிகள். மேல் ஓரம் போனால் பாட்டியின் குரல் போச்சு. கீழ் ஓரம் போனால் படம் குதிக்கும்.

டெக்கைப் பொறுத்தவரை, அதிகம் ஓடாத, ஹெட் சுத்தமான டெக் வேண்டும். கல்யாணத்தைப் பதிவு செய்த மெஷின் வேறு, இப்போது ஓட்டும் மெஷின் வேறு என்பதால் 'டிராக்கிங்' ஒவ்வொரு கேசட்டுக்கும் திருப்பிச் சரி செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் கேசட்டைப் போட்டு விட்டு டீ குடிக்கப் போகிற கடையில்தான் படம் பூரா வெள்ளைக் கோடு விழுந்து வரும். தன்னிச்சையாக டிராக்கிங் பிடிக்கும் டெக்கும் பழைய டேப்பில் தடுமாறும். ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்துக் கொண்டே எடுத்தால்தான் உருப்படும். கேசட் 3 மணி நேரம் ஓடினால் எடுக்கவும் 3 மணி நேரம் ஆகும். வேகமாக ஓட்டி எடுக்கும் வித்தை கிடையாது. 'அரை மணி நேரத்துல குடுத்துர்றேன்' என்று யாராவது சொன்னால் கேசட்டைத் திரும்ப வாங்கிக் கொண்டு வந்து விடுங்கள்.

பழைய டேப் இழுபட்டிருப்பதால் படத்தின் மேல் பகுதி ஒரு பக்கமாக வளைந்து, தூண்கள் நெளியும். இதை நேராக்கும் கருவி தனியாக இருக்கிறது. டைம் பேஸ் கரெக்டர் என்பார்கள். சில உயர் ரக எஸ்-வி.எச்.எஸ். டெக்குகளில் அது உள்ளேயே இருக்கும். இல்லாத இடத்தில், சில பழைய டி.வி.டி. ரெக்கார்டர்கள் வழியாக சிக்னலைக் கடத்தினாலே வளைவு பெருமளவு நிமிர்ந்து விடும். அனுபவசாலிகள் இந்தப் பழைய ரெக்கார்டர்களைத் தேடிப் பிடித்து வைத்திருப்பது அதற்காகத்தான்.

ஒயரிலும் இருக்கு விஷயம்

டெக்கில் இருந்து படத்தை வெளியே எடுக்க மூன்று வழி. ஆன்டெனா ஒயர் மோசம், அதைத் தொடவே வேண்டாம். மஞ்சள் முனை உள்ள ஒயர் பரவாயில்லை. கேசட்டில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கின்றன. மஞ்சள் ஒயரில் இரண்டையும் கலந்து அனுப்பி, அந்தப் பக்கம் மறுபடி பிரிக்க வேண்டும். அதில் ஓரங்கள் லேசாக மினுமினுக்கும், நிறம் வழியும். எஸ்-வீடியோ ஒயரில் இரண்டும் தனித்தனியாகவே போவதால் கலப்படம் கிடையாது. ஆனால் சாதாரண வீட்டு டெக்கில் அந்த துளையே இருக்காது. எஸ்-வி.எச்.எஸ். டெக்கில் இருக்கும். கடையில் அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். 'அப்படின்னா என்னங்க?' என்று திருப்பிக் கேட்டால் வேறு கடை பார்ப்பது நல்லது.

ஹேண்டிகேமில் எடுத்த சின்ன கேசட்டுகள் வேறு ரகம். மினி டி.வி. கேசட்டில் இருப்பது ஏற்கனவே டிஜிட்டல். அதை பயர்ஒயர் என்ற ஒயரில் எடுத்தால் நகல் எடுப்பது போல அப்படியே வரும், சல்லிக்காசு இழப்பு இல்லை. அதைப் போய் மஞ்சள் ஒயரில் எடுப்பது, நெல்லைக் கொடுத்து உமி வாங்குகிற கதை.

ஒரு டிஸ்க்கில் எவ்வளவு அடைக்கலாம்?

சாதாரண டி.வி.டி.யின் கொள்ளளவு 4.7 ஜி.பி. அதற்குள் ஒரு மணி நேரப் படம் என்றால் தாராளமாகப் போகும், டி.வி.டி. அனுமதிக்கும் உச்ச தரத்திலேயே வைக்கலாம். ஒன்றரை மணி நேரம் என்றாலும் வினாடிக்கு 7 மெகாபிட்டை ஒட்டிக் கிடைக்கும், நல்ல தரம். 2 மணி நேரம் என்றால் 5 மெகாபிட். 3 மணி நேரக் கேசட் முழுவதையும் ஒரே டிஸ்க்கில் அமுக்கினால் மூன்றரை கூட வராது.

சினிமா டி.வி.டி. இதே அளவில் பளிச்சென்று இருக்கிறதே என்று கேட்கலாம். சினிமா படம் சுத்தமானது. பழைய கேசட் படத்தில் எங்கும் பொடிப் பொடியாக இரைச்சல் துடித்துக் கொண்டிருக்கும். சுருக்கும் சாப்ட்வேருக்கு அது இரைச்சல் என்று தெரியாது. அதையும் படம் என்று நினைத்து, இருக்கிற இடத்தை அதற்கே செலவழித்து விடும். முகத்துக்கு மிஞ்சாது. அதனால்தான் கேசட்டுக்கு சினிமாவை விடத் தாராளமாக இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. கடைக்காரர் "ஒரே டிஸ்க்ல அடக்கிரலாங்க, செலவு கம்மி" என்றால், "வேண்டாங்ணா, ரெண்டாப் போட்டுக் குடுங்க" என்று சொல்லுங்கள். ஒரு டிஸ்க் விலையில் மிச்சம் பிடித்து என்ன ஆகப் போகிறது?

ஒரே டிஸ்க்கில் 2 மணி நேரம் வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. முழு டி.வி.டி. படம் அகலத்தில் 720 புள்ளி. ஆனால் வி.எச்.எஸ். கேசட்டில் ஒரு வரியில் இருக்கும் நுணுக்கமே சுமார் 320 புள்ளி அளவுதான். 352 அகலம், 576 உயரம் என்ற அளவையும் டி.வி.டி. ஏற்றுக் கொள்ளும். அந்த அளவில் எடுத்தால் கேசட்டில் இருப்பது கிட்டத்தட்ட முழுசாக வந்துவிடும், புள்ளிக்குக் கிடைக்கும் இடமும் இரண்டு மடங்காகும். வி.சி.டி.யும் 352 அகலம்தானே என்று குழப்பிக் கொள்ள வேண்டாம். அதில் உயரம் 288. இழப்பு அங்கேதான்.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கும்போது கை அசையும் இடத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால் பதற வேண்டாம். அது கெட்டுப் போனதல்ல. முன்னே சொன்ன இரண்டு பாதிப் படங்களும் பத்திரமாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். டி.வி.டி. பிளேயரில் போட்டு டி.வி.யில் பார்த்தால் பெரும்பாலும் மறைந்து விடும். 'கோடு தெரியுதே' என்று சில இடங்களில் இரண்டு பாதியையும் கலந்து மெழுகி விடுவார்கள். அப்போது கோடு போகும், கூடவே அசைவின் வழவழப்பும் போகும்.

மலிவான யு.எஸ்.பி. கருவி வாங்கி வீட்டிலேயே எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. டேப் சிக்னல் நடுநடுவே தடுமாறும்போது அந்தக் கருவி சில படங்களை விழுங்கி விடும். தொடக்கத்தில் தெரியாது. இரண்டரை மணி நேரத்தில் வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று ஆகிவிடும். அதனால் எடுத்து முடித்ததும் முதல் 5 நிமிடத்தைப் பார்த்து திருப்திப்படாமல் கடைசி 10 நிமிடத்தைப் பாருங்கள். கடையில் வாங்கும்போதும் அங்கேயே போட்டு இதைப் பார்த்து விடுங்கள்.

முகம் சப்பட்டையாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். பழைய டி.வி. 4-க்கு 3 வடிவம். இன்றைய டி.வி. அகலம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழத்தான் செய்யும். அது தெரியக் கூடாது என்று இழுத்து நிரப்பினால் மாப்பிள்ளை முதல் சமையல்காரர் வரை எல்லாரும் குண்டாகி விடுவார்கள்.

'4கே ஆக்கித் தர்றோம்'... நம்பலாமா?

இப்போது புது மோகம் இது. செயற்கை அறிவு சாப்ட்வேரில் போட்டு பழைய கேசட்டை பளபளப்பாக்கித் தருகிறார்கள். தூரத்தில் நிற்பவர் முகத்தில் கேசட்டில் இருப்பதே பத்து இருபது புள்ளிதான். அதில் இல்லாத கண்ணையும் மூக்கையும் சாப்ட்வேர் தானாகக் கற்பனை செய்து வரையும். பளிச்சென்று இருக்கும். ஆனால் அது உங்கள் பாட்டி முகம் தானா? சுருக்கம் இருந்த கன்னம் மெழுகுப் பொம்மை மாதிரி ஆனதைப் பார்த்து 'யார் இது?' என்று வீட்டிலேயே கேட்கும்படி ஆகிவிடும். ஆசைக்கு ஒன்று செய்து பார்ப்பதில் தப்பில்லை. தொடாத நகல் முதலில் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டிஸ்க் மட்டும் போதாது

டிஸ்க்கே அழிவில்லாதது என்று நம்பியது ஒரு காலம். எழுதக்கூடிய டி.வி.டி.யில் தகவல் பதிவாவது ஒரு சாயப் படலத்தில். வெளிச்சமும் சூடும் ஈரமும் பட்டால் சாயம் வெளுக்கும். மட்டமான டிஸ்க் சில வருஷத்திலேயே படிக்காமல் முரண்டு பிடிக்கும். மேலே காகித ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், ஈரத்தில் அது நெளிந்து டிஸ்க்கையும் இழுக்கும். அதற்கான மார்க்கர் பேனாவால் நடு வளையத்துக்குப் பக்கத்தில் எழுதினால் போதும். ஜன்னல் ஓரத்தில் வைக்க வேண்டாம்.

அதோடு, டிஸ்க் போட இன்றைய லேப்டாப்பில் துளையே இல்லை. எழுதக்கூடிய புளூ ரே டிஸ்க் தயாரிப்பையே சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தி விட்டது. டெக்குக்கு வந்த நிலை டிஸ்க் டிரைவுக்கும் வந்து கொண்டிருக்கிறது. ஆகவே, கடைக்காரரிடம் டிஸ்க் வாங்கும்போதே, சுருக்குவதற்கு முன்னால் எடுத்த பெரிய பைலையும் கேட்டு வாங்குங்கள். டி.வி. என்ற முறையில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 13 ஜி.பி. ஆகும். துளி இழப்பில்லாத முறையில் இன்னும் இரண்டு மூன்று மடங்கு. 3 மணி நேரக் கேசட் 25 இருந்தாலும் டி.வி. முறையில் ஒரு டி.பி. ஹார்ட் டிஸ்க்கில் அடங்கி விடும். சொந்த பந்தம் எல்லாம் சேர்ந்து ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கினால் ஊரிலுள்ள கல்யாணம் பூராவும் அதில் இருக்கும்! இன்னொரு காப்பியை கோவையிலோ பெங்களூரிலோ இருக்கும் மகன், மகள் வீட்டில் வைத்து விடுங்கள். மண்சரிவும் மழையும் உள்ள ஊரில் எல்லாக் காப்பியும் ஒரே பீரோவில் இருப்பது நல்லதல்ல.

மாற்றியாச்சு, இனி கேசட் எதுக்கு என்று தூக்கிப் போடவும் வேண்டாம். நிலாவில் மனிதன் கால் வைத்த காட்சிக்கே என்ன கதி ஆனது தெரியுமா? 1969 ஜூலையில் நிலாவில் இருந்து வந்த ஒரிஜினல் சிக்னல் சாதாரண டி.வி.க்கு ஒத்து வராததால், மானிட்டரில் ஓட விட்டு அதை டி.வி. கேமராவால் படம் பிடித்துத்தான் உலகத்துக்குக் காட்டினார்கள். ஜனங்கள் பார்த்தது மங்கலான காப்பி. நல்ல படம் தனி டேப்பில் இருந்தது. பிற்பாடு தேடினால் டேப்பைக் காணோம். பல வருஷம் தேடிய நாசா, டேப் தட்டுப்பாட்டில் அவற்றை அழித்து மறுபடி பயன்படுத்தி விட்டதாகத் தெரிகிறது என்று 2009-ல் சொன்னது. கடைசியில் டி.வி. நிலையங்களில் மிஞ்சிய காப்பிகளை வைத்துத்தான் படத்தைச் சரி செய்தார்கள். காப்பி இருக்கிறதே என்று ஒரிஜினலை விட்டதன் விலை அது. பிக்கட்டி கல்யாணத்துக்கும் அதே கணக்குதான். முழுக்கச் சுற்றி, உறையில் போட்டு, புத்தகம் மாதிரி நிமிர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் மட்டும் வேண்டாம், அதில் காந்தம் இருக்கிறது.

கேசட் மாற்றி வந்ததும் வீட்டில் மூத்தவர்களை உட்கார வைத்து ஒரு தடவை முழுக்க ஓட விடுங்கள். பந்தியில் மூன்றாவதாக உட்கார்ந்திருப்பது யார், ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வந்து நின்ற அந்தச் சிவப்பு சால்வைக்காரர் எந்த ஹட்டி, மணப்பெண் காதில் ஏதோ சொல்லிச் சிரிக்கும் பாட்டியின் பெயர் என்ன என்று அவர்கள் சொல்லச் சொல்ல, எத்தனையாவது நிமிடம் என்று நேரத்தோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அதை எந்தக் கடையிலும் எடுத்துத் தர முடியாது.